கின்சி அறிக்கை: பழைய பிரதி ஒன்றை வாங்கிப் படித்தபின்

ஆல்ஃபிரட் கின்சியும் அவருடைய குழுவினரும் ஆண்களின் பாலியல் நடத்தை குறித்து 1948-இல் வெளியிட்ட 804 பக்க ஆய்வு நூலின் பழைய பிரதியை இணையவழி விற்பனையாளர் ஒருவரிடம் வாங்கினேன். 'நல்ல நிலை' என்று குறிப்பிட்டிருந்தும், பிரித்த அன்றே முதுகுக் கட்டு விட்டுப்போயிருந்தது.

உள்ளடக்கம் அவ்வளவு தளர்வானதன்று. இண்டியானா பல்கலைக்கழகத்தில் குளவிகளை ஆராய்ந்துவந்த விலங்கியலாளரான கின்சி, சுமார் 5,300 வெள்ளையின ஆண்களின் நேர்காணல்களை, அறவுரை கலக்காமல் அட்டவணைகளாக அடுக்குகிறார். எதிர்பால் ஈர்ப்பு மட்டுமே உள்ளவருக்குப் பூஜ்யம், தன்பால் ஈர்ப்பு மட்டுமே உள்ளவருக்கு ஆறு என அவர் வகுத்த அளவுகோல் இடம்பெறும் பக்கத்தில்தான் நெடுநேரம் நின்றேன். 'இயல்பு', 'விகாரம்' என்று மனிதர்களை இரண்டே பெட்டிகளில் அடைத்துவந்த அமெரிக்கச் சமூகம், இடையில் இத்தனை படிகள் இருப்பதை எண்களாகவே காண நேர்ந்தது.

எனினும் விழுக்காடுகளை அப்படியே ஏற்க இயலாது. தாமாக முன்வந்தவர்களும் சிறைக்கைதிகளும் மாதிரியில் அளவுக்கு மீறி இருந்ததைப் புள்ளியியலாளர்கள் அன்றே கண்டித்தனர். பெண்கள் பற்றிய 1953-ஆம் ஆண்டுத் தொகுதி எழுப்பிய எதிர்ப்புக்குப் பின், ராக்ஃபெல்லர் அறக்கட்டளை நிதியையும் நிறுத்திக்கொண்டது.

வாங்க விரும்புவோர், இண்டியானா பல்கலைக்கழகப் பதிப்பகத்தின் 1998 மறுபதிப்பைத் தேடலாம், கட்டாவது மிஞ்சும்.