சாலகக் குவாண்டம் நிறவியக்கவியல்: திருகோணமலை வார இறுதி வகுப்பு பற்றிய மதிப்பீடு

மீசான்கள் (ஒரு குவார்க்கும் ஓர் எதிர்க்குவார்க்கும் சேர்ந்த துகள்கள்) மோதிச் சிதறுவதையும், அப்போது தோன்றி உடனே சிதையும் பரிவு நிலைகளையும் சாலகக் கணிப்பின் வழியாக, அதாவது வெளியையும் நேரத்தையும் புள்ளிக் கட்டமாக்கிக் கணினியில் கணித்து ஆராய்வது குறித்து, திருகோணமலை உவர்மலைப் பகுதியிலுள்ள தனியார் கல்வி நிலையம் ஒன்று பௌதிகவியல் பட்டதாரிகளுக்கென நடத்திய வார இறுதி வகுப்பில் அண்மையில் கலந்துகொண்டேன். வாங்கிய கட்டணத்துக்குக் குறைவில்லாத வகுப்புத்தான்; ஆயினும் எல்லாப் பகுதிகளும் ஒரே தரத்தில் அமையவில்லை.

குவார்க்குகளைப் பிணைக்கும் வன்விசையின் கோட்பாடே குவாண்டம் நிறவியக்கவியல். அதற்குப் பௌதிகவியலாளர் கென்னத் வில்சன் 1974 இல் முன்வைத்த சாலக அமைப்பு, அதாவது குவார்க்குகளைப் புள்ளிகளிலும், அவ்விசையைக் காவும் குளுவான் புலத்தை அப்புள்ளிகளை இணைக்கும் கோடுகளிலும் வைக்கும் முறை, சுருக்கமாகவே சொல்லப்பட்டது. அது போதுமானதே.

வகுப்பின் பலம் அடுத்த கட்டத்தில் வெளிப்பட்டது. சாலகத்தில் வழக்கமாகச் செய்வதுபோல் நேரத்தைக் கற்பனை எண்ணாகக் கொண்டு கணிக்கும்போது, முடிவிலிக் கனவளவில் சிதறல் வீச்சத்தை (துகள்கள் எவ்வளவு வலுவாகச் சிதறுகின்றன என்பதைத் தரும் கணியத்தை) பொதுவாக நேரடியாகப் பெற முடியாது என்று 1990 இல் மையானி, தெஸ்தா என்ற பௌதிகவியலாளர்கள் காட்டிய தடையை விரிவுரையாளர் முதலில் நன்கு உறைக்கும்படி விளக்கினார். அதன் பின்னரே, முடிவுள்ள கனவளவைக் கொண்டே அத்தடையைக் கடக்கும் பௌதிகவியலாளர் லூஷரின் முறைக்கு வந்தார். கணிப்பு நடக்கும் சாலகப் பெட்டி சிறியதாக இருப்பதால் இரு பையோன்களின் (மிக இலகுவான மீசான்களின்) சக்தி மட்டங்கள் தனித்தனியே பிரிந்து நிற்கின்றன. இடைத்தாக்கத்தால் அவை எவ்வளவு விலகுகின்றன என்பதிலிருந்தே அவத்தைப் பெயர்ச்சியை, அதாவது சிதறலால் துகளலையின் அவத்தை மாறும் அளவை, கணிக்கலாம். குறைபாடு என்று நாம் நினைத்த பெட்டியே அளவுகோலாகிவிடுகிறது.

இரு பையோன்களாகச் சிதையும் பரிவு நிலையான ரோ மீசானை உதாரணமாக எடுத்தது பொருத்தமான தெரிவு. பரிசோதனையில் அதன் திணிவு ஏறத்தாழ 775 மெகா இலத்திரன்வோல்ற்று, அகலம் (சிதைவு விரைவாக நிகழ நிகழக் கூடும் சக்திப் பரம்பல்) ஏறத்தாழ 150. பையோன் திணிவை உண்மையைவிடக் கூட்டி 391 ஆக வைத்த ஒரு சாலகக் கணிப்பிலோ திணிவு 854 ஆகவும் அகலம் வெறும் 12 ஆகவும் கிடைத்தது. ரோவுக்கும் பையோன்களுக்கும் இடையிலான இணைப்பின் வலிமையைக் காட்டும் இணைப்பு மாறிலி அதிகம் மாறவில்லை. இரு பையோன்களாகச் சிதைவதற்கான வாசல் (தேவையான மிகக் குறைந்த சக்தி) 782 இற்கு உயர்ந்துவிட்டதால், சிதைவுக்குக் கிடைக்கும் உந்தம் சுருங்கியதே காரணம். சக்தி மட்டங்களைப் பிரித்தெடுக்க உதவும் தொடர்புச் சார்புத் தாயம், துகள் நிலைகளை உருவாக்கும் கணிதச் செயலிகளால் அமைவது. பயிற்சியில் அதிலிருந்து இரு பையோன் செயலிகளை நீக்கிப் பார்த்தபோது, பரிவுக்கு அருகிலிருந்த இரண்டு மட்டங்களுக்குப் பதிலாக இடையில் ஒன்று மட்டுமே தெரிந்தது. நூறு சமன்பாடுகள் சொல்லாததை அந்த ஒரு வரைபு சொல்லிவிட்டது.

குறைகளும் உண்டு. சாலகத் தரவுகளை ஒரே புல மாதிரிகளிலிருந்து எடுப்பதால் அடுத்தடுத்த நேரப் புள்ளிகளின் வழுக்கள் ஒன்றோடொன்று தொடர்புற்றிருக்கும். அதைப் புறக்கணித்துப் பொருத்தினால் முடிவு தேவைக்கு மேல் நம்பகமானதாகத் தோன்றும். இத்தனை முக்கியமான விடயத்தைக் கடைசி வகுப்பில் அவசரமாக முடித்துவிட்டார்கள். கையேடோ போட்டோப் பிரதியின் பிரதி. கீழ்க்குறிகள் கரைந்து, ரோ (ρ) எது, உந்தம் (p) எது என்று ஊகிக்க வேண்டியிருந்தது.

விளம்பரம் உயர்தர மாணவர்களையும் அழைக்கிறது. அவர்கள் சேராமலிருப்பதே நல்லது, பகுதி அலைகள் (சிதறலைக் கோண உந்தவாரியாகப் பிரிக்கும் முறை) தெரியாதவருக்கு இதில் பாதி எட்டாது. சேர விரும்பும் பட்டதாரிகள் முதல் நாளே கையேட்டின் மென்பிரதியைக் கேட்டு வாங்கிக்கொள்ளவும். நிலையத்துக் கணினிகள் மெதுவானவை என்பதால், பைத்தன் நிறுவிய சொந்த மடிக்கணினியையும் கொண்டு செல்லவும்.