உள்ளறையா, படகு மறைக்கும் ஜன்னலா? பெற்றோரோடு கப்பல் ஏறுபவர்களுக்கு

வயதானவர்களை அழைத்துக்கொண்டு உல்லாசக் கப்பலில் போகிறீர்கள், பால்கனி அறை எடுக்கப் பட்ஜெட் இடம் கொடுக்கவில்லை என்றால், என் ஓட்டு மறைப்புள்ள ஜன்னல் அறைக்குத்தான். ஏஜென்ட்கள் ‘அப்ஸ்ட்ரக்டட் வியூ’ என்று சொல்வது இதைத்தான். அறையில் ஜன்னல் இருக்கும். ஆனால் அதற்கு வெளியே உயிர்காப்புப் படகோ, படகைத் தாங்கும் இரும்புக் கையோ குறுக்கே நிற்கும். கடல் பாதி தெரியும், சில அறைகளில் கொஞ்சம்தான் தெரியும்.

அம்மா, அப்பாவோடு சிங்கப்பூரிலிருந்து பினாங்கு போய்த் திரும்பும் கப்பலில் இப்படிப்பட்ட அறையில் தங்கினேன். கூட வந்த சித்தப்பா குடும்பம் ஜன்னலே இல்லாத உள்ளறை எடுத்திருந்தது. இரண்டு அறைகளுக்கும் நாள் முழுக்க மாறி மாறிப் போய்வந்ததால் வித்தியாசத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்க்க முடிந்தது.

ராயபுரம், காசிமேடு பக்கம் வளர்ந்தவர்களுக்குக் கப்பல் ஒன்றும் புதிதில்லை. கப்பலுக்குள் எந்த அறையில் படுப்பது என்பதுதான் புதுக் கேள்வி. 2022 ஜூனில் சென்னைத் துறைமுகத்திலிருந்து கார்டிலியா நிறுவனத்தின் ‘எம்ப்ரஸ்’ உல்லாசக் கப்பல் கிளம்பியது, அடுத்த ஆண்டு ஜூனில் இலங்கைக்கும் போனது. அதற்குப் பிறகு எங்கள் தெருவிலேயே நாலு பேர் இதைக் கேட்டுவிட்டார்கள்.

பால்கனியைப் பற்றி நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை. பணம் இருந்தால் எடுங்கள். காற்று வரும், வெளியே நாற்காலி போட்டு உட்காரலாம். முழுக்கடல் தெரியும் ஜன்னல் அறையும் நல்லதுதான். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். உண்மையான போட்டி உள்ளறைக்கும் மறைப்பு ஜன்னலுக்கும்தான், ஏனென்றால் விலையில் இந்த இரண்டும்தான் பக்கத்துப் பக்கத்தில் நிற்கின்றன.

தம்பு செட்டித் தெருவில் எங்களுக்கு டிக்கெட் போட்ட ஏஜென்ட் எடுத்த எடுப்பிலேயே, “ரூம்ல யார் சார் இருக்கப் போறீங்க? தூங்க மட்டும்தானே வருவீங்க. இன்சைடு போட்டுடலாம்” என்றார். எல்லோரும் சொல்லும் யோசனை இது. முப்பது வயதுக்காரர்கள் நாலு பேர் சேர்ந்து போனால் சரியாகவே இருக்கும். என் அப்பாவுக்கு முழங்கால் வலி. காலைச் சாப்பாடு முடிந்ததும் அரை மணி நேரம் கால் நீட்ட வேண்டும். அம்மாவுக்கு மதியத் தூக்கம் இல்லாமல் ஆகாது. சர்க்கரை மாத்திரை, இன்சுலின், குளியல், பூஜை என்று பெரியவர்கள் பகலில் அறைக்கு வந்து போய்க்கொண்டேதான் இருப்பார்கள். தூங்கும் நேரத்தைச் சேர்க்காமலே ஒரு நாளில் நாலைந்து மணி நேரம் அவர்கள் அறையில் இருந்தார்கள்.

அதனால் நான் பார்த்தது ஒரே ஒரு விஷயம்: பகல் வெளிச்சம். காட்சியை இரண்டாவதாகத்தான் வைத்தேன்.

உள்ளறையில் விளக்கை அணைத்தால் வரும் இருட்டு நம் வீட்டு இருட்டு போல இல்லை. கண் பழகி ஏதாவது தெரியும் என்று காத்திருக்க முடியாது, தெரிய அங்கே வெளிச்சமே இல்லை. சித்தப்பா முதல் ராத்திரியே குளியலறை விளக்கைப் போட்டுவிட்டு, கதவை ஒரு கை அகலம் திறந்து வைத்துத்தான் படுத்தார். குளியலறை வாசலில் தண்ணீர் வெளியே வராமலிருக்கச் சின்னப் படி ஒன்று இருக்கும். அந்த இருட்டில் அது காலில் இடிக்கும். அறுபத்தைந்து வயதுக்கு மேல் ராத்திரி இரண்டு முறை எழுந்து போகிறவர்களுக்கு இது சின்ன விஷயமா?

அப்புறம் நேரம். சிங்கப்பூர் கடிகாரம் நம்முடையதைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. அங்கே பொழுது விடிவதும் ஏழு மணி வாக்கில்தான். அம்மா ஊரில் நாலரைக்கு எழுந்து வாசல் தெளிக்கிறவர். அந்த நாலரை கப்பலில் ஏழு. அதாவது அவருக்கு விழிப்பு வந்த நேரமும் ஜன்னலில் வெளுத்த நேரமும் ஒன்றாகவே அமைந்துவிட்டன. எழுந்தார், திரையை விலக்கினார், விடிந்துவிட்டது என்று தெரிந்துகொண்டார். அடுத்த தாழ்வாரத்தில் சித்தி விழித்துக்கொண்டு, மணி என்ன என்று தெரியாமல், மற்றவர்களை எழுப்பவும் மனமில்லாமல் இருட்டில் படுத்திருந்திருக்கிறார். கடைசியில் அவர் காலைக் காபிக்கு எங்கள் அறைக்கே வந்துவிட ஆரம்பித்தார்.

பழைய வண்ணாரப்பேட்டையில் நாங்கள் குடியிருந்த வீட்டில் ஜன்னலைத் திறந்தால் கைக்கெட்டும் தூரத்தில் பக்கத்து வீட்டுச் சுவர். அந்தச் சுவரில் விழுகிற வெளிச்சத்தை வைத்தே மணி சொல்லிவிடலாம், மழை வருமா என்றும் சொல்லிவிடலாம். படகு மறைக்கும் ஜன்னலும் அந்த வேலையைத்தான் செய்கிறது. காட்சி குறைந்தாலும் பகல் உள்ளே வந்துவிடுகிறது. எங்கள் ஜன்னலுக்கு வெளியே நின்ற படகு ஆரஞ்சு நிறம். தூரத்திலிருந்தும் கண்ணில் பட வேண்டும் என்பதற்காக இந்தப் படகுகளுக்குப் பளிச்சென்ற நிறம்தான் அடிப்பார்கள். காலை வெயில் அதன் முதுகில் பட்டுத் தெறித்து, அறையின் கூரையில் செம்மஞ்சளாக ஒரு பட்டை விழும். ஒன்பது மணிக்கு மேல் அது வெறும் வெள்ளை வெளிச்சமாகிவிடும். படகுக்கு மேலே ஒரு முழ அகலத்துக்கு வானம், கீழே அதைவிடக் கொஞ்சம் குறைவாகக் கடல். அப்பா கட்டிலில் சாய்ந்தபடி அந்தக் கீழ்ச்சந்து வழியாகத்தான் மீன்பிடிப் படகுகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சில கப்பல்களில் உள்ளறையிலேயே வெளிக்கேமரா காட்டும் கடலைத் திரையில் போடுகிறார்கள். ராயல் கரீபியன் கப்பல் நிறுவனம் 2014 வாக்கில் ஆளுயரத் திரை வைத்து அதை ‘வர்ச்சுவல் பால்கனி’ என்றே விற்றது. குழந்தைகளுக்குப் பிடிக்கும். ராத்திரி படுக்கும்போது அணைத்துவிட்டால் விடியற்காலையில் அது தானாக வெளுக்காது.

சரி, மறைப்பு என்றால் எல்லாம் ஒரே மறைப்பு இல்லை. இங்கேதான் கவனமாக இருக்க வேண்டும். ஒரு வகையில் படகு ஜன்னலுக்கு நேர் எதிரே முழுசாகத் தொங்கும். இன்னொன்றில் இரண்டு படகுகளுக்கு நடுவே இருக்கும் இடைவெளிக்கு உங்கள் ஜன்னல் வரும். அங்கே இரும்புக் கை மட்டும் ஒரு ஓரமாகக் குறுக்கிடும், மற்றபடி கடல் நன்றாகவே தெரியும். மூன்றாவது, படகுகளுக்கு ஒரு தளம் மேலே இருக்கும் அறை. கீழே குனிந்து பார்த்தால் படகுகளின் கூரை, நேரே பார்த்தால் தொடுவானம் வரை கடல். இந்த மூன்றும் ஒரே பெயரில், பல நேரம் ஒரே விலையில் விற்கப்படுகின்றன.

படகுகளைக் கப்பல்காரர்கள் இஷ்டப்பட்ட இடத்தில் தொங்கவிட முடியாது. கடல் பாதுகாப்புக்கான சர்வதேச ஒப்பந்தம் இருக்கிறது. டைட்டானிக் மூழ்கிய பிறகு 1914-இல் முதலில் எழுதியது, பிறகு பலமுறை திருத்தியது. பாதுகாப்பு குறையாத அளவுக்குப் படகு தண்ணீருக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும் என்கிறது அது. அதனால் இப்போதைய கப்பல்களில் படகுகள் தாழ்வான தளத்திலேயே வரிசையாக நிற்கும். பழைய கப்பல்களில் இன்னும் மேலே இருக்கும். விதிவிலக்கு வாங்கிய ‘குயீன் மேரி 2’ போன்ற கப்பலும் உண்டு. அதில் படகுகள் உயரத்தில் தொங்குவதால் எட்டாவது தளத்துப் பால்கனிகளுக்கே மறைப்பு வருகிறது. ஆகவே ‘ஆறாவது மாடி நல்லது, ஏழாவது மாடி வேண்டாம்’ என்று பொதுவாகச் சொல்ல வழியில்லை. போகிற கப்பலின் தள வரைபடத்தையும், பக்கவாட்டில் எடுத்த ஒரு தெளிவான போட்டோவையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். முன்பக்கத்திலிருந்து ஜன்னல்களை எண்ணிக்கொண்டே வந்தால் எந்த அறைக்கு எதிரே என்ன நிற்கிறது என்று தெரிந்துவிடும். கொஞ்சம் பொறுமை வேண்டும், அவ்வளவுதான்.

இதனாலேயே அறை எண்ணை நீங்களே தேர்ந்தெடுக்கும் டிக்கெட்டாக வாங்குங்கள். ‘கியாரண்டி’ என்று ஒரு வகை விலை மலிவாக வரும். அதில் எண்ணைக் கப்பல் நிறுவனம்தான் கடைசி நேரத்தில் ஒதுக்கும். உள்ளறைக்கு அது பரவாயில்லை, எந்தச் சுவரானாலும் சுவர்தான். மறைப்பு அறைக்கு அது ஒத்துவராது.

விலைக்கு வருகிறேன். எங்களுக்குச் சொன்ன கணக்கில் உள்ளறைக்கும் இதற்கும் ஆளுக்கு இரண்டாயிரத்துச் சொச்சம்தான் வித்தியாசம். முழுக்கடல் ஜன்னலுக்கு அதற்கு மேல் ஏழெட்டாயிரம் கேட்டார்கள். துறைமுகக் கட்டணமும் தினசரி சேவைக் கட்டணமும் தலைக்கு இவ்வளவு என்று வருபவை. ‘சூட்’ எனப்படும் பெரிய சொகுசு அறைகள் தவிர மற்ற அறைகளுக்குப் பெரும்பாலும் ஒரே தொகை. விமானக் கட்டணமும் அதேதான். மொத்தச் செலவையும் கூட்டிப் பார்த்தால் உள்ளறை எடுத்து மிச்சம் பிடிப்பது பெரிய தொகையாக வராது. மாறாக, முழுக்கடல் ஜன்னலை விட்டதில் மிச்சமானது மூன்று பேருக்கும் கண்ணில் தெரிகிற தொகை.

முழுக்கடல் ஜன்னலுக்கு எதிராக எனக்கு இன்னொரு வாதமும் உண்டு. அந்த வகையில் மலிவாகக் கிடைப்பவை பல நேரம் கீழ்த்தளத்தில், கப்பலின் முன்கோடியிலோ பின்கோடியிலோ இருக்கின்றன. காசிமேட்டில் விசைப்படகில் போகும் எங்கள் மாமாவிடம் கேட்டபோது, “அணியத்துல உக்காந்தா வயித்தப் புரட்டும்பா, நடுவுல இரு” என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். அணியம் என்றால் படகின் முன்பக்கம். பெரிய கப்பலுக்கும் அதேதான். அலையில் முன்னும் பின்னும் ஏறி இறங்கும்போது நடுப்பகுதி குறைவாகத்தான் ஆடும். உயிர்காப்புப் படகுகள் கப்பலின் நடுப்பகுதியை ஒட்டித்தான் வரிசையாக நிற்கின்றன, அதனால் மறைப்பு அறைகளில் நிறைய தானாகவே நடுவில் அமைந்துவிடுகின்றன. நாங்கள் போன மலாக்கா நீரிணை சாதுவான கடல், அங்கே இதைச் சோதித்துப் பார்க்கும் அளவுக்கு ஆட்டம் எதுவும் வரவில்லை. தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் வங்காள விரிகுடாவில் போகிறவர்கள் மாமா சொன்னதைக் கணக்கில் வைத்துக்கொள்வது நல்லது.

வலப்பக்கமா இடப்பக்கமா என்பதும் வெளிச்சத்துக்காகப் பார்க்க வேண்டியது. சென்னையிலிருந்து இலங்கைக்குத் தெற்கே இறங்கும்போது இடப்பக்கம் கிழக்கு. விசாகப்பட்டினம் போகும்போது வலப்பக்கம் திறந்த கடல், இடப்பக்கம் கரை. திரும்பும்போது மாறிவிடும். காலை வெளிச்சம் எந்த நாளில் உங்களுக்கு முக்கியமோ அதை வைத்து முடிவு செய்யலாம். எனக்கு இது கட்டாயமாகப் படவில்லை.

இந்த அறையின் தொந்தரவுகளையும் சொல்லிவிடுகிறேன். ஜன்னல் திறக்காது. துறைமுகத்தில் நிற்கும் நாளில் ஊழியர்கள் படகை இறக்கிப் பயிற்சி செய்யலாம். அப்போது மோட்டார் இரைச்சலும் உங்கள் ஜன்னலுக்கு வெளியே ஆள் நடமாட்டமும் இருக்கும். மதியம் தூங்குகிறவர்களுக்கு அது எரிச்சல்தான். சில கப்பல்களில் ஜன்னலை ஒட்டியே நடைபாதை போகிறது. பகலில் கண்ணாடியில் உள்ளே தெரியாது, ஆனால் இரவில் விளக்கைப் போட்டால் தெரிந்துவிடும். பெண்கள் தங்கும் அறையென்றால் நடைபாதை இருக்கிறதா என்று முன்பே கேட்டுவிடுங்கள். தளத்து விளக்குகள் இரவெல்லாம் எரிவதால் திரையையும் இழுத்து மூட வேண்டும்.

அம்மா ஏறியதும் ஜன்னலைப் பார்த்து, “ஏண்டா, ஏதாவதுன்னா நாம ஏற வேண்டிய படகு இதுதானா?” என்று கேட்டார். இல்லை. ஆபத்து நேரத்தில் ஒவ்வொருவரும் எங்கே கூட வேண்டும் என்பது அறைச் சாவி அட்டையில் அச்சாகியிருக்கும். ஜன்னலுக்கு நேரே நிற்கும் படகுதான் நம்முடையது என்று பெரியவர்கள் நினைத்துக்கொண்டு விடக்கூடாது. 2012-இல் நடந்த ‘கோஸ்டா கான்கார்டியா’ உல்லாசக் கப்பல் விபத்துக்குப் பிறகு, கப்பல் கிளம்புவதற்கு முன்போ கிளம்பிய உடனேயோ பயணிகளுக்கான பயிற்சியை முடித்தாக வேண்டும் என்று விதி வந்துவிட்டது. முழங்கால் வலி என்றாலும் அதற்குக் கட்டாயம் அழைத்துப் போங்கள், லிஃப்ட் இல்லாமல் எந்தப் படி வழியாக இறங்க வேண்டும் என்பது அப்போதுதான் கண்ணில் படும்.

உள்ளறை யாருக்குச் சரி? இரவு முழுக்க மேல்தளத்தில் பாட்டும் நடனமுமாக இருந்துவிட்டுப் பகல் பதினொரு மணி வரை தூங்கும் இளைஞர்களுக்கு அந்த இருட்டு வரம். வெளிச்சம் பட்டால் விழித்துக்கொள்ளும் கைக்குழந்தை வைத்திருப்பவர்களும் அதை விரும்புவார்கள் என்று நினைக்கிறேன், எங்களோடு குழந்தைகள் யாரும் வரவில்லை.

சித்தப்பா அடுத்த முறை ஜன்னல் அறைதான் என்று சொல்லிவிட்டார். திருவொற்றியூர் அத்தையும் மாமாவும் டிசம்பர் விடுமுறையில் போகிறார்கள். அவர்களுக்கு ஏஜென்டிடம் இரண்டு படகுகளுக்கு நடுவே வரும் எண்ணாகக் கேட்டிருக்கிறேன். அது போய்விட்டிருந்தால் படகுக்கு மேல்தளத்து அறை, அதுவும் இல்லையென்றால் படகு நேர் எதிரே நிற்கும் அறை என்று வரிசையும் எழுதிக் கொடுத்தாயிற்று.