புல்லுக்கும் பனிக்கும்: பெட்ரோலா, பேட்டரியா?

விலை: புல்வெட்டியோ பனி அகற்றும் இயந்திரமோ, பெட்ரோலில் ஓடுவது வாங்கும்போது பெரும்பாலும் மலிவு. பேட்டரிக்கு முதலிலேயே அதிகம் போகும். ஆனால் ஒரே பேட்டரி புல்வெட்டிக்கும் பனி அகற்றும் இயந்திரத்துக்கும் பொருந்தினால் கணக்கு மாறும்.

பராமரிப்பு: பேட்டரியில் வேலை குறைவு. பெட்ரோலுக்கு ஆயில், ஸ்பார்க் பிளக், ஏர் ஃபில்டர் எல்லாம் பார்க்க வேண்டும். எத்தனால் கலந்த பெட்ரோல் மாதக்கணக்கில் டேங்கில் கிடந்தால் கார்புரேட்டர் அடைத்துக்கொள்ளும். பருவம் முடிந்ததும் தயவுசெய்து வடித்துவிடுங்கள்.

குளிர்: லித்தியம் பேட்டரி சீக்கிரம் இறங்கும். 0 டிகிரிக்குக் கீழே சார்ஜ் போடாதீர்கள், வீட்டுக்குள் வையுங்கள். பெட்ரோலுக்கு இந்தத் தொல்லை இல்லை.

சின்னப் புல்வெளி, குட்டை நடைபாதை என்றால் பேட்டரியே போதும். நீளமான பாதை, கனத்த ஈரப்பனி என்றால் பெட்ரோல்தான், அதுவும் இரண்டு கட்ட இயந்திரம் (ஒரு சுழலி பனியை வாரும், இன்னொன்று வீசும்). சரளைத் தரையில் ஒற்றைக் கட்டம் (ஒரே சுழலி தரையைத் தொட்டு வாரி வீசுவது) வேண்டவே வேண்டாம், கல்லை வாரி எறியும்.