கைக்குழந்தைக்குக் காப்பீட்டு அட்டை: நீலகிரியில் எது வரை கைகொடுக்கும்?

குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் என்றதும், குழந்தைக்குச் செய்கிற எல்லாமே அதில் அடங்கிவிடும் என்று நினைக்கிறவர்கள் உண்டு. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் பெரிய அறுவைக்குத் தாராளம். சடங்குக்கும் அழகுக்கும் பைசா தராது. அது நியாயம்தான். இடறுவது வேறு இடங்களில்.

சுன்னத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 2018 செப்டம்பரில் இதோடு இணைந்த மத்திய அரசின் காப்பீட்டுத் திட்டமான ஆயுஷ்மான் பாரத், 2 வயதுக்குட்பட்ட குழந்தையின் சுன்னத்தை விலக்கி வைத்திருக்கிறது. நோய்க்காகவோ விபத்தாலோ செய்தால் மட்டும் கிடைக்கும். ஆகவே மருத்துவர் சீட்டில் எழுதுவதில்தான் எல்லாம் இருக்கிறது. 'முன்தோல் பின்னே போகவில்லை' என்பது போதாது. கைக்குழந்தைக்கு அது ஒட்டியிருப்பது இயல்பு, வளர வளர விலகும். குளிப்பாட்டும்போது இழுத்து இழுத்துப் பார்த்தால்தான் கிழிந்து தழும்பாகி, இல்லாத நோய் வந்து சேரும். அடிக்கடி சிறுநீர்த் தொற்று வந்தாலோ, தழும்பால் தோல் இறுகியிருந்தாலோ, அதைப் பரிசோதனை அறிக்கையோடு எழுதி வாங்குங்கள். சிறுநீர்த் துவாரம் நுனியில் இல்லாமல் அடிப்பக்கம் இருக்கிறதா? அப்படியானால் சுன்னத்தே கூடாது. பிறகு அதைச் சரிசெய்யும் அறுவைக்கு அந்தத் தோல் வேண்டும்.

காது குத்துக்கு இங்கே வேலையே இல்லை. ஒட்டு நாக்கு, அதாவது நாக்கு அடியில் ஒட்டியிருப்பது, பால் குடிக்கத் தடையாக இல்லாவிட்டால் விட்டுவிடலாம். தொப்புள் பிதுக்கம் பெரும்பாலும் 4, 5 வயதுக்குள் தானே மூடிக்கொள்ளும். காசு வைத்துக் கட்டினால் தோல் புண்ணாவதுதான் மிச்சம். கவட்டையில் வந்து வந்து போகும் வீக்கம் அப்படியல்ல. குடலிறக்கமாக இருக்கலாம், தள்ளிப்போடக் கூடாது. வீக்கம் உள்ளே போகாமல் குழந்தை வீறிட்டு வாந்தி எடுத்தால், அட்டையைத் தேடாமல் 108-ஐ அழையுங்கள்.

காகித வேலைதான் இத்திட்டத்தின் பலவீனம். அட்டை ரேஷன் கார்டை ஒட்டியே நடக்கிறது. அதில் குழந்தை பெயர் இல்லாவிட்டால், அறுவைக்கு முன் காப்பீட்டில் வாங்க வேண்டிய அனுமதியில் இழுபறி. பிறப்பை 21 நாளுக்குள் பதிவுசெய்தால் கட்டணமில்லை, பெயரை 12 மாதத்துக்குள் இலவசமாகச் சேர்க்கலாம். நல்ல எழுத்து அமையட்டும் என்று பெயரைத் தள்ளிப்போடும் வீடுகளில்தான் சிக்கல் தொடங்குகிறது. பிறப்புச் சான்றை வைத்து ரேஷன் கார்டில் ஏற்றி, அதன் பிறகு ஊட்டி ஆட்சியர் அலுவலகக் காப்பீட்டு மையம். பந்தலூர்க்காரர்களுக்கு இதற்கே ஒரு நாள் போய்விடும்.

தனியாரில் பணம் கட்டிவிட்டு அப்புறம் பில்லை நீட்டலாம் என்று இருக்காதீர்கள். சேருமுன்பே அங்குள்ள காப்பீட்டுப் பிரிவில் கேட்டுவிடுங்கள். ஊட்டி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் குன்னூர் லாலி அரசு மருத்துவமனையிலும் அட்டை இல்லாமலே இலவசமாகக் காட்டலாம் என்பதால், முதல் படி அங்கேதான்.

கோவைக்கு அனுப்பினால் முந்தின நாளே மலை இறங்கிவிடுங்கள். சளி இருந்தால் முன்கூட்டியே சொல்லுங்கள், மயக்க மருந்து கொடுக்கத் தயங்குவார்கள். அறுவைக்கு 4 மணி நேரம் முன்பு தாய்ப்பாலையும், 6 மணி நேரம் முன்பு பவுடர் பாலையும் நிறுத்த வேண்டும். பர்லியார் வளைவில் லாரி மறித்து நிற்கும்போது பசித்து அழுகிற பிள்ளைக்கு எந்தத் தாயும் பால் கொடுத்துவிடுவாள். கொடுத்தால் அன்றைய அறுவை இன்னொரு நாளைக்குப் போய்விடும்.