பேக்கரி அடுப்புக் கதவில் எட்டு ஆண்டுகள்: பியானோ கம்பியும் ஸ்டெயின்லெஸ் கம்பியும்

“அண்ணே, கதவோரத் தட்டில் வைக்கிற பன் மட்டும் வெளுத்து வருகிறது” என்று பேக்கரி மாஸ்டர் சொன்னபோது பர்னரைத்தான் சந்தேகப்பட்டேன். இரண்டு நாள் வீண். கோளாறு கதவை இழுத்து மூடும் ஸ்பிரிங்கில் இருந்தது. அது தளர்ந்ததால் கதவு இறுக மூடாமல் சூடு கசிந்திருக்கிறது. கழற்றி வெர்னியர் அளவுகோலில் வைத்து நீளம் பார்த்தேன். மாட்டும்போது 112 மில்லிமீட்டர். ஏழு மாதத்தில் 118. இழுவை ஸ்பிரிங்கில் சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டி நிற்க வேண்டும். இதிலோ நடுவில் காகிதம் நுழைந்தது. உடைசல், விரிசல், துரு எதுவுமே இல்லை.

அடுப்புக்குள் 220 முதல் 230 டிகிரி செல்சியஸ். ஸ்பிரிங் இருப்பது பக்கத் தகட்டுக்குப் பின்னால் என்பதால் அங்கே அவ்வளவு சூடு இருக்காது என்று நினைத்திருந்தேன். சூட்டை அளக்கும் தெர்மோகப்பிளை வைத்துப் பார்த்தால் 150ஐத் தாண்டியது. கடையில் பியானோ கம்பி என்று கேட்டு வாங்கும் உயர் கார்பன் எஃகுக் கம்பிக்கு, சுமையோடு தொடர்ந்து வேலை செய்ய ஏறக்குறைய 120 டிகிரிதான் எல்லை.

சூடு இரண்டு விதமாக வேலை செய்கிறது. நான் வெகுநாள் இரண்டையும் ஒன்றாகவே குழப்பிக்கொண்டிருந்தேன். முதலாவது, கம்பியின் விறைப்பு குறைவது. நூறு டிகிரி ஏறினால் சுமார் மூன்று சதவீதம். ஆறினால் பழையபடி திரும்பிவிடும். இதனால் கதவு திறந்துகொள்ளாது. இரண்டாவது, இழுபட்ட நிலையிலேயே சூட்டில் கிடக்கும் கம்பி கொஞ்சம் கொஞ்சமாக நீண்ட நிலைக்கே பழகிவிடுவது. இது திரும்புவதில்லை. இரவெல்லாம் ஆறிய அடுப்பில் அதிகாலையில் அளந்தாலும் அதே 118தான்.

வேடிக்கை என்னவென்றால், அந்த ஸ்பிரிங்கைப் பதப்படுத்தியதே அந்த அடுப்பில்தான். பியானோ கம்பியைச் சுருட்டியதும் உள்ளே தங்கும் இறுக்கத்தை நீக்க, 230 டிகிரியில் அரை மணி நேரம் வைத்து எடுப்பது வழக்கம். விடுமுறை நாளில் பன் தட்டில் வைத்து எடுத்தேன்; எண்ணெய் வாடை போகவில்லை என்று மாஸ்டர் ஒரு வாரம் முனகினார். சுமையில்லாமல் வாங்கிய சூடு நன்மை செய்தது. சுமையோடு மாதக்கணக்கில் வாங்கியது, அதைவிடக் குறைவாக இருந்தும், கெடுத்தது. பதப்படுத்தும்போது பியானோ கம்பிச் சுருளின் விட்டம் சற்றுச் சுருங்கும், ஸ்டெயின்லெஸ் சற்று விரியும். அளவு நெருக்கமான இடத்தில் பொருத்துகிறவர்கள் இதைக் கணக்கில் வைக்க வேண்டும்.

நடுவில் ஒரு முட்டாள்தனமும் செய்தேன். ஸ்பிரிங் முனையிலுள்ள கொக்கியின் கோணத்தைத் திருத்த காஸ் டார்ச்சால் பழுக்கக் காய்ச்சினேன். வளைக்கச் சுலபமாகத்தான் இருந்தது. நீலம் பாய்ந்திருந்த அந்தக் கொக்கி மறுநாளே நிமிர்ந்து கழன்றது. குளிர்நிலையில் இழுத்து இழுத்து ஏற்றிய வலிமை, அப்படிக் காய்ச்சினால் ஒரு நிமிடத்தில் போய்விடும்.

பிறகு 302 ரக ஸ்டெயின்லெஸ் கம்பிக்கு மாறினேன். ஏறத்தாழ 260 டிகிரிவரை தாங்கும். ஆனால் அதே தடிமன், அதே சுற்றுகளோடு சுருட்டினால் ஏமாற்றமே மிஞ்சும். பியானோ கம்பியைவிட இதன் விறைப்பு எட்டில் ஒரு பங்கு குறைவு. முதல் ஸ்டெயின்லெஸ் ஸ்பிரிங் கதவைச் சோம்பலாகத்தான் மூடியது. விறைப்பு கூடும்படி சுற்றுகளை 40இலிருந்து 35ஆகக் குறைத்து, நீளம் குறையாமலிருக்கக் கொக்கிக் கழுத்தை நீட்டிய பிறகே சரியாயிற்று. விலை கூடுதல்தான். ஆனாலும் வருடத்தில் இரண்டு முறை அடுப்பை நிறுத்துவதற்கு அது எவ்வளவோ மேல்.

நான்கு ஆண்டுகளுக்குப் பிறகு சென்ற மாதம் அளந்தேன்: 113. நிறம் மட்டும் வைக்கோல்போல் மங்கியிருக்கிறது. பேக்கரியின் பின்கதவில் இன்னும் பியானோ கம்பி ஸ்பிரிங்தான். சூடு படாத இடம். எட்டு ஆண்டுகளாக மாற்றவே இல்லை, மாற்றப்போவதும் இல்லை.