லாட்விய மூதாதையரைத் தேட: தேவாலயப் பதிவேடா, ஆன்மக் கணக்கெடுப்பா?

லாட்விய தேசிய ஆவணக் காப்பகம் இணையத்தில் இலவசமாக வழங்கும் ஆவணங்களில், வேர்களைத் தேடுவோருக்கு இரண்டு வகை முதன்மையானவை: தேவாலயப் பதிவேடுகள், ரஷ்யப் பேரரசு தலைவரி விதிப்பதற்காகத் தொகுத்த ஆன்மக் கணக்கெடுப்புப் பட்டியல்கள்.

பிறப்பு, திருமணம், இறப்பு ஆகியவற்றின் துல்லியமான நாள் வேண்டுமெனில் தேவாலயப் பதிவேட்டுக்கு நிகரில்லை. ஞானப்பெற்றோரின் பெயர்கள்கூட அதில் கிடைக்கும். அவர்கள் பலவேளை உறவினராகவே இருப்பர். லூத்தரன் பதிவேடுகள் பெரும்பாலும் ஜெர்மன் மொழியிலும், 1890களிலிருந்து ரஷ்ய மொழியிலும் உள்ளன. இரண்டும் கையால் எழுதப்பட்டவை என்பதால் பொறுமை தேவை.

ஆனால் பண்ணையடிமை முறை, லாட்வியாவின் பகுதிகளான குர்செமெயில் 1817இலும் வித்செமெயில் 1819இலும் ஒழிந்த பின்னரே அங்குள்ள விவசாயிகளுக்குக் குடும்பப் பெயர்கள் கிடைத்தன. அதற்கு முந்தைய பதிவேட்டில் முதற்பெயரும் பண்ணைவீட்டின் பெயருமே இருப்பதால், ஒரே திருச்சபைப் பகுதியில் பல ‘யானிஸ்’களைப் பிரித்தறிவது கடினம். இங்கேதான் கணக்கெடுப்பு கைகொடுக்கிறது. ஜமீன் வாரியாக, வீடு வாரியாக முழுக் குடும்பத்தையும் நிரல்படுத்தி, ஆண்களுக்கு முந்தைய கணக்கெடுப்பின்போதிருந்த வயதையும் அப்போதைய வயதையும் அருகருகே காட்டுவதால், 1834ஆம் ஆண்டுப் பட்டியலில் குடும்பப் பெயரோடு இருப்பவரை 1816ஆம் ஆண்டுப் பட்டியலில் குடும்பப் பெயரற்ற வீட்டாரிடையே அடையாளம் காணலாம். 1811ஆம் ஆண்டுப் பட்டியலில் மட்டும் பெண்களைத் தேட வேண்டாம். அதில் ஆண்களே எண்ணப்பட்டனர்.

ஆகவே இன்றிலிருந்து பின்னோக்கிச் செல்கையில் 1830கள் வரை பதிவேட்டையும், அதற்கு முந்தைய காலத்துக்குக் கணக்கெடுப்பையும் முதலில் புரட்டுவதே என் பரிந்துரை.