'சீல் பிரிக்காத ஒரிஜினல் டிவிடி' என்று 42 டாலர் பிடுங்கிவிட்டார்கள் – வாங்கப் போகிறவர்கள் படித்துவிட்டு வாங்குங்கள்

42 டாலர் போச்சு. டிஸ்க்குக்கு 37, அனுப்புகிற செலவு 5. தனி ஆட்கள் கடை போட்டுப் பழைய டிஸ்க், கேசட் விற்கிற ஆன்லைன் சந்தை ஒன்று. அதில் இருக்கிற ஒரு கடைதான் இந்த வேலையைச் செய்தது. அமெரிக்காவில் இருக்கிற நம் ஆட்கள் பலர் இந்த மாதிரி டிஸ்க்குகளைத் தேடி வாங்குகிறார்கள் என்பதால் எழுதுகிறேன். எதையெல்லாம் பார்த்து வாங்க வேண்டும் என்பதைக் கடைசியில் சொல்கிறேன். முதலில் நடந்தது.

வாங்கியது 'தி சவுண்ட் ஆஃப் மியூசிக் லைவ்!' என்கிற இசை நாடகத்தின் டிவிடி. 2013 டிசம்பர் 5 அன்று அமெரிக்க டிவி சேனல் என்பிசி நேரலையாகக் காட்டியது. மரியாவாக கேரி அண்டர்வுட், கேப்டனாக ஸ்டீஃபன் மோயர், மடத்துத் தலைவியாக ஆட்ரா மெக்டொனால்ட். 1965 படத்தை அப்படியே திரும்ப எடுத்தது என்று நினைத்துப் பலர் ஒதுக்கிவிடுகிறார்கள். அப்படி இல்லை, இது 1959இல் பிராட்வேயில் வந்த நாடகத்தை ஒட்டியது. படத்தில் வெட்டப்பட்ட 'ஹௌ கேன் லவ் சர்வைவ்', 'நோ வே டு ஸ்டாப் இட்' இரண்டு பாட்டும் இதில் இருக்கின்றன. 'மை ஃபேவரிட் திங்ஸ்' பாட்டை மரியா மடத்துத் தலைவியோடு சேர்ந்து பாடுகிறாள். ஆட்ரா மெக்டொனால்டின் குரலுக்காகவே இந்த டிஸ்க்கை வீட்டில் வைத்துக்கொள்ளலாம். அதே டிசம்பர் 17ஆம் தேதி டிவிடி கடைக்கு வந்தது. நேரலை என்பது ஒரே ராத்திரியோடு முடிந்துபோகிற விஷயம். ஒழுங்கான டிஸ்க்தான் அதற்கு மிஞ்சுகிற சாட்சி. அதில் போய்க் கைவைத்திருக்கிறார்கள்.

நம்ப வைத்த விதத்தைக் கேளுங்கள். கடைக்கு நல்ல ரேட்டிங். "ஃபேக்டரி சீல், ரீஜன் 1, ஒரிஜினல்" என்று விவரத்திலேயே இருந்தது. ரீஜன் 1 என்றால் அமெரிக்கா, கனடாவில் ஓடுகிற டிஸ்க். அதோடு விடாமல் பின்னட்டையின் பார்கோடு படம் கேட்டேன். உடனே அனுப்பினார்கள். எண் சரியாக இருந்தது. "பயப்படாதீங்க, நாங்க காப்பி விற்கிறதில்லை" என்று கேட்காமலே ஒரு வரி வேறு. பார்கோடு சரியாக இருந்ததற்குக் காரணம் எளிது: அட்டையை ஸ்கேன் செய்து அச்சடித்திருக்கிறார்கள், பார்கோடும் கூடவே வந்துவிட்டது. பார்கோடு அட்டையைப் பற்றித்தான் சொல்லும், உள்ளே இருக்கிற டிஸ்க்கைப் பற்றி ஒன்றும் சொல்லாது.

பிளாஸ்டிக் உறையைப் பிரித்து டிஸ்க்கைத் திருப்பினால் அடிப்பக்கம் ஊதா. வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் எரிக்கப்பட்ட, அதாவது கம்ப்யூட்டரில் பதிவு செய்த பகுதி ஒரு நிறம், விளிம்பில் ஒரு விரல்கடை அகலத்துக்கு எரிக்காமல் விட்ட வளையம் வேறு நிறம். ஆலையில் அச்சான டிஸ்க் வெள்ளியாக இருக்கும், இரட்டை அடுக்கு என்றால் லேசாகத் தங்க நிறம் தட்டும். நடு ஓட்டையைச் சுற்றி அந்தத் தலைப்புக்கென்று ஆலை போடுகிற மேட்ரிக்ஸ் எண் பொறித்திருக்கும். இதில் வெற்று டிஸ்க் தயாரித்தவனின் வரிசை எண் மட்டும்தான். மேலே ஒட்டியிருந்த படம் இங்க்ஜெட் அச்சு, ஈர விரல் பட்டதும் மை கலைந்தது.

போட்டுப் பார்த்தால் இன்னும் மோசம். மெனு கிடையாது, வசன எழுத்து கிடையாது. மூலையில் சேனலின் மயில் சின்னம். விளம்பர இடைவேளை வந்த இடங்களில் திரை கறுத்து, வெட்டாமல் விட்ட விளம்பரம் அரை நொடி மின்னிப் போகிறது. அதாவது யாரோ டிவியில் ஓடியதைப் பதிவு செய்து, சுருக்கி, எரித்திருக்கிறார்கள். சேனல் ஒரு முறை அமுக்கிய படத்தை இவர்கள் மறுபடி அமுக்கியதால், கன்னியர் மடக் காட்சிகளில் கறுப்பு அங்கிகள் எல்லாம் கட்டம் கட்டமாக உடைகின்றன. இரண்டேகால் மணி நேரப் படத்தை ஒரு வெற்று டிஸ்க்கின் 4.7 ஜிபி இடத்துக்குள் திணித்தால் ஒரு நொடிக்கு 4.6 மெகாபிட்தான் தேறும். நல்ல மூலத்திலிருந்து எடுத்தால் அதுவே போதும், இவர்கள் எடுத்த மூலமே கெட்டது. என்பிசி அனுப்புவது 1080 வரி இன்டர்லேஸ் படம், அதாவது ஒற்றை வரிகள் ஒரு ஃபீல்டாகவும் இரட்டை வரிகள் இன்னொரு ஃபீல்டாகவும் மாறி மாறி வரும். அதை டிவிடியின் 480 வரிக்குக் குறைக்கும்போது இரண்டு ஃபீல்டையும் பிரிக்காமல் ஒன்றாகக் குழைத்துவிட்டால், குழந்தைகள் ஓடி ஆடும்போது கை கால் ஓரமெல்லாம் சீப்புப் பல் மாதிரி கிழிகிறது. இதைப் பிளேயரில் சரிசெய்யவே முடியாது, டிஸ்க்கிலேயே பதிந்துவிட்டது.

இதற்கு 42 டாலர்.

எழுதிக் கேட்டதும் முதல் பதில், "உங்க பிளேயர் லென்ஸைத் துடைங்க." லென்ஸ் துடைத்தால் சேனல் சின்னம் மறையுமா? அடுத்த பதில், "இது பிரிட்டன் பதிப்பு, அப்படித்தான் இருக்கும்." இதுதான் வடிகட்டின பொய். பிரிட்டனில் ஐடிவி 2015 டிசம்பரில் நேரலை செய்தது வேறு தயாரிப்பு, அதில் மரியாவாக வருவது காரா டாய்ன்டன். அங்கே விற்கிற டிஸ்க் ரீஜன் 2, PAL என்கிற டிவி முறை, 576 வரி. இந்த டிஸ்க்கில் பாடுவது கேரி அண்டர்வுட், படம் 480 வரி. இதைச் சொன்னதும் பேச்சு மாறியது: "சீல் பிரித்துவிட்டீர்கள், பிரித்த டிஸ்க்கைத் திருப்பி எடுக்க மாட்டோம்." சந்தைக்காரர்களிடம் புகார் செய்தால் அவர்களும் அதே விதியைக் காட்டிப் புகாரை மூடிவிட்டார்கள். கடைசியில் 5 டாலர் தருகிறோம், ரேட்டிங்கை மாற்றுங்கள் என்று செய்தி. 42 கொடுத்த இடத்தில் 5!

சூழ்ச்சியே இந்த சீல்தான். பிரிக்காமல் உள்ளே இருப்பது தெரியாது, பிரித்தால் திருப்ப முடியாது. பிளாஸ்டிக் உறை சுற்றுகிற ஹீட் கன் யாரிடமும் இருக்கும். அதே விளம்பரம் இன்றைக்கும் அங்கே அப்படியே ஓடிக்கொண்டிருக்கிறது.

சரி, அவசரமாக நாலு வார்த்தை. 'சீல்' என்று கூடுதல் காசு கொடுக்காதீர்கள். பிரித்த டிஸ்க்கையே, அடிப்பக்கமும் நடு வளையமும் தெளிவாகத் தெரிகிற படம் வாங்கிப் பார்த்து எடுங்கள். ஊதா என்றாலே திருட்டுக் காப்பி என்றும் சொல்ல முடியாது. சில ஸ்டூடியோக்கள் பழைய படங்களை ஆர்டருக்கு எரித்து விற்றிருக்கின்றன, ஆனால் விற்பவர் அதை முன்கூட்டியே சொல்ல வேண்டும். பார்சல் பிரிப்பதை வெட்டில்லாமல் வீடியோ எடுங்கள். ஊருக்கு அனுப்புவதென்றால் இந்தியா ரீஜன் 5, ரீஜன் 1 டிஸ்க் அங்கே ரீஜன் பூட்டிய பிளேயரில் ஓடாது. டெபிட் வேண்டாம், கிரெடிட் கார்டில் கட்டுங்கள். கடை கைவிரித்தால், அந்தத் தொகை முதலில் வந்த ஸ்டேட்மென்ட்டை அனுப்பிய 60 நாளுக்குள் கார்டு வங்கிக்கு எழுத்தில் டிஸ்பியூட் (இந்தத் தொகையை ஏற்கவில்லை என்கிற புகார்) போய்ச் சேர வேண்டும், அதற்குள் கடைக்காரர்கள் "பார்க்கிறோம், பார்க்கிறோம்" என்று இழுத்தடிப்பார்கள், விடாதீர்கள்.